பதினோரு பெட்டி மணல்

ஜேபஸ் பாஸ்கோ பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று மாஃபெகிங் ஊரில் பெயர் வாங்கியிருந்தார். தொழிலுக்கு அது அவ்வளவு உகந்த பெயர் அல்ல. மேசை எப்போது கிடைக்கும் என்று தச்சரிடம் கேட்டால், "வியாழக்கிழமை வாங்க" என்று வாய் கூசாமல் சொல்ல வேண்டும். ஜேபஸோ மரம் இன்னும் வரவில்லை, வந்தாலும் தனக்கு இடுப்பு வலி என்று உள்ளதைச் சொல்லிவிடுவார். ஊரில் பாதிப்பேர் மேசை நாற்காலிகளை வேறு தச்சரிடம் செய்துகொண்டு, சவப்பெட்டிக்கு மட்டும் இவரிடம் வந்தார்கள். அதற்கு நாள் தவறாத ஆள் வேண்டுமல்லவா.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலில் பிறந்தவர். அங்கே சுரங்கங்கள் மூடியதும் கப்பலேறி, தென்னாப்பிரிக்காவில் ரயில் தண்டவாளம் போன வழியெல்லாம் பின்னாலேயே போய், தண்டவாளம் கொஞ்ச காலம் மூச்சு வாங்கிய இந்த ஊரில் தானும் மூச்சு வாங்க உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை. மெதடிஸ்ட் சபைக்காரர். குடிப்பதில்லை, சூதாடுவதில்லை. எல்லை தாண்டியிருந்த, டச்சு வம்சாவளி விவசாயிகளான போயர்களின் பண்ணை ஒன்றிலிருந்து ஹெஸ்டர் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்தார். டச்சு பேசும் வீடு. அவளுக்கு மூன்று அண்ணன்மார். மூவரும் நல்ல துப்பாக்கிக்காரர்கள். அந்தக் காலத்தில் மாப்பிள்ளை வீட்டுக்கு அது பெருமைக்குரிய சமாச்சாரமாக இருந்தது.

ஒரே பையன். ஞானஸ்நானப் புத்தகத்தில் ஜேக்கப், அம்மாவுக்குக் கோபஸ். பையன் கோபஸ் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான். அந்தப் பெயர்ப் போரில் யார் ஜெயித்தார்கள் என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

அடுத்த போர், ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் நடுவே, 1899 அக்டோபரில் வந்தது. போயர்கள் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், தந்திக் கம்பியை அறுத்தார்கள், ஊரைச் சுற்றி வளைத்து உட்கார்ந்தார்கள். உள்ளே வரவுமில்லை, எழுந்து போகவுமில்லை. அவர்களுடைய பெரிய பீரங்கி நாள்தோறும் ஊரை நோக்கிச் சுடும். அதன் வாய் திரும்புவதைப் பார்த்து ஒருவன் மணியடிப்பான். மணி கேட்டதும் ஊரே குழிக்குள் இறங்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரு தரப்பும் கடவுளுக்குப் பயந்து சுடமாட்டார்கள். கிரிக்கெட், கச்சேரி, துணி துவைப்பது, கல்யாணம், அடக்கம் எல்லாம் அன்றைக்குத்தான். மற்ற ஆறு நாளும் அதே கடவுள் என்ன செய்துகொண்டிருந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

ஹெஸ்டரின் அண்ணன்மார் மூவரும் வெளியே வளைத்து உட்கார்ந்தவர்களில் இருந்தார்கள். கணவனும் பிள்ளையும் உள்ளே. அவளை ஊரின் பெண்களோடும் குழந்தைகளோடும் சேர்த்து ஊர் ஓரத்திலிருந்த பெண்கள் முகாமில் வைத்தார்கள். மற்றப் பெண்கள் அவளிடம் உப்புக் கடன் கேட்டார்கள். சேதி மட்டும் சொல்லவில்லை.

ஊரைக் காக்கும் பொறுப்பிலிருந்த கர்னலைப் பின்னாளில் உலகம் பேடன்-பவல் பிரபு என்றும், சாரணர் இயக்கத்தைத் தொடங்கியவர் என்றும் அறிந்துகொண்டது. அன்று ஜேபஸைப் போன்றவர்களுக்கு அவர் சுவரில் ஒட்டிய அறிவிப்பின் அடியிலிருக்கும் கையெழுத்து, அவ்வளவுதான். அவரிடம் ஆள் குறைவு, பீரங்கி அதைவிடக் குறைவு. இல்லாததை இருப்பதாகக் காட்டுவது என்று முடிவாயிற்று. ஊரைச் சுற்றி முளைக்கம்பு நட்டார்கள், கம்பிக்கு வழியில்லை. ஆனால் கம்புகளைத் தாண்டும் ஒவ்வொரு சிப்பாயும் இல்லாத முள்கம்பியில் மாட்டிக்கொள்ளாமல் காலை உயரத் தூக்கித் தாண்ட வேண்டும் என்று உத்தரவு. தொலைநோக்கியில் பார்க்கும் எதிரி நம்பவேண்டுமே. நாளாக ஆக அது பழக்கமாகிவிட்டது. கடைத்தெருவில் வெறும் தரையில் காலைத் தூக்கித் தாண்டிய ஆட்களை எங்கள் ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

ஆள் குறைவுக்கு இன்னொரு மருந்தாகப் பையன்கள் வந்தார்கள். கொஞ்சம் வளர்ந்த பையன்களைத் திரட்டி, காக்கி உடுப்பும் ஒரு பக்கம் மடித்த தொப்பியும் கொடுத்து, கடிதம் கொண்டுபோகவும் காவல் பார்க்கவும் வைத்தார்கள். முதலில் கழுதையில் போனார்கள். கழுதைக்கும் சமையல் பாத்திரத்துக்கும் இடையே தூரம் குறைந்தபோது சைக்கிளுக்கு மாறினார்கள். சாரணர் இயக்கத்தின் வித்து அங்கேதான் விழுந்தது என்று இப்போது சொல்கிறார்கள். விழுந்தபோது யாரும் அதை வித்தாகப் பார்க்கவில்லை. பையன்கள் தெருவில் குண்டுத் துண்டு பொறுக்கிக்கொண்டு திரியாமல் இருந்தால் போதுமென்று தாய்மார்கள் நினைத்தார்கள்.

கோபஸுக்கு அப்போது பதின்மூன்று வயது. அந்தப் பையன்கள் படை அவனுக்குச் சொர்க்கமாக இருந்தது. பள்ளிக்கூடம் இல்லை, சைக்கிள் உண்டு, பெரியவர்கள் சல்யூட்டுக்குப் பதில் சல்யூட் வைக்கிறார்கள். ஊரே எலிப்பொறிக்குள் கிடந்த ஏழு மாதமும் விடுதலையாக இருந்தது இந்தப் பையன்கள்தான்.

பெட்டிகளின் கதை முற்றுகை தொடங்கிய முதல் மாதமே ஆரம்பித்துவிட்டது. பொறியாளர் பிரிவின் லெப்டினன்ட் ஹோல்ராய்ட் ஒருநாள் ஜேபஸின் பட்டறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார். இளம் வயது, மீசை இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளாத முகம்.

"மிஸ்டர் பாஸ்கோ, பதினோரு பெட்டி வேணும். கண்ணிவெடி வைக்க."

"வெடிமருந்து எங்க சார்?"

"அதுதான் இல்ல. மணலை நிரப்புங்க."

ஜேபஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மணல் வெடிக்காதே சார்."

"தெரியும். அதை நீங்களும் நானும் மட்டும் தெரிஞ்சு வச்சிருந்தா போதும்." பிறகு வேதாகமத்தை எடுக்கச் சொன்னார். "யார்கிட்டயும் சொல்லக்கூடாது. உங்க பையன்கிட்ட கூடாது. உங்க மனைவி நல்லவங்கதான், எனக்குத் தெரியும். ஆனா அவங்களுக்கு மூணு அண்ணன் இருக்காங்க."

ஜேபஸ் சத்தியம் செய்தார். பொய் சொல்லத் தெரியாதவரைத்தான் பொய்க்குக் காவல் வைக்க முடியும் என்று ஹோல்ராய்ட் கணக்குப் போட்டிருக்க வேண்டும். வயதுக்கு மீறிய கணக்கு.

பெட்டிகளைப் புதைக்கக் குழி தோண்டியவர் தீரோ. பக்கத்தில் பரோலாங் என்ற கறுப்பின மக்களின் ஊர்க்காரர். அந்த மக்களின் ஊர்தான் இங்கே மூத்தது. வெள்ளைக்காரர்களின் தகரக்கூரை ஊர் அதன் ஓரத்தில் முளைத்துப் பதினைந்து வருஷம்கூட ஆகவில்லை. தீரோவிடம் யாரும் சத்தியம் வாங்கவில்லை. அவர் சொன்னால் யார் நம்பப்போகிறார்கள் என்ற எண்ணம். ஆக, உண்மையைச் சொல்லும் சுதந்திரம் ஊரில் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. அவரோ குழிக்குள் நின்று பெட்டியை வாங்கிக்கொண்டே, "மேஸ்திரி, என் ஆயுசுல மணலுக்கு இவ்வளவு மரியாதை நடந்து பாத்ததில்ல" என்று மட்டும் சொன்னார்.

இருந்த கொஞ்ச மருந்தில் தனியாக ஒரு வெடி மட்டும் நிஜமாக வைத்து, எல்லோரும் பார்க்க வெடிக்கவிட்டார்கள். ஊர் அதிர்ந்தது. அதற்குப்பின் மற்றதை யாரும் சோதித்துப் பார்க்க ஆசைப்படவில்லை. ஒருமுறை ஓர் ஆடு அந்த இடத்தில் அரை நாள் மேய்ந்தது. ஆட்டுக்கு எடை போதாது என்று ஊர் முடிவு செய்தது.

பெட்டிகள் புதைந்த இடம் ஊருக்குக் கிழக்கே ஒரு பள்ளம். பள்ளத்தின் அந்தக் கரையில் சுண்ணாம்புச் சூளை. அங்கே நம் ஆட்களின் காவல் நிலை. ஊரிலிருந்து சூளைக்குக் கடிதம் கொண்டுபோகும் வேலை கோபஸுக்கு வந்தது. பள்ளத்தின் வழியே போனால் ஐந்து நிமிடம், இரு பக்கமும் மண்மேடு, ஒரு குண்டும் நுழையாது. ஆனால் வாயிலிலேயே "ஆபத்து, கண்ணிவெடி" என்று ஜேபஸ் தன் கையால் எழுதிய பலகை, இரண்டு மொழியில். ஆகவே பையன் கல்லறைச் சாலை வழியே சுற்றிப் போனான். அதில் இருநூறு கஜம் மொட்டை வெளி. எதிரே போயர்களின் குறிபார்க்கும் பதுங்குகுழி. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, கோபஸ் தலையைக் குனிந்து மிதிப்பான். இரண்டு மூன்று தோட்டாக்கள் அவனைத் தேடி வரும்.

தானே புதைத்த மணலைச் சுற்றிக்கொண்டு தன் பிள்ளை துப்பாக்கி முன்னால் போகிறான் என்பது ஜேபஸுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் பள்ளத்தின் இந்த வாயில் சைக்கிள் நுழைவதையும் அந்த வாயில் வெளியே வருவதையும் எதிரி தொலைநோக்கியில் பார்ப்பான். பார்த்தால் அடுத்த நாளே அந்த வழியாகப் படை வரும். வார்த்தை வாய்வரை வரும், வேதாகமத்தின் அட்டை ஞாபகம் வரும், உள்ளே போய்விடும். நவம்பர், டிசம்பர், ஜனவரி. மணி அடித்தால் குழிக்குள் இறங்கினார்; மணி அடிக்காதபோதும் அவர் இருந்தது குழிக்குள்தான்.

பையனைப் படையிலிருந்து எடுக்கப் பார்த்தார்.

"வேண்டாம்ப்பா" என்றான் கோபஸ். "எடுத்தா அந்த வழியில வேற எவனாவது போவான். அவனுக்கு என்னை மாதிரி வேகமா மிதிக்க வராது."

தீரோவிடம் ஜாடையாகப் பேசிப் பார்த்தார். "நீ சத்தியம் பண்ணலியே தீரோ. பையன்கிட்ட நீ ஏதாவது பேச்சுவாக்குல சொன்னா..."

தீரோ சிரிக்கவில்லை. "பேச்சுவாக்குல சொல்றேன். பையன் பள்ளத்துல போவான். எதிரி பாப்பான், வருவான். வந்தா முதல்ல யார் குடிசை எரியும், மேஸ்திரி? உங்க தகரம் எரியாது. எங்க கூரை புல்லு." கொஞ்சம் பொறுத்து, "உங்களுக்காவது குதிரைக் கறி கிடைக்குது. எங்களுக்குக் குதிரை நக்கின தண்ணி. இருந்தும் நான் வாயை மூடிக்கிட்டிருக்கேன். ஏன்னு யோசிங்க" என்றார்.

யோசித்தார். யோசித்ததில் வாய் இன்னும் இறுக மூடிக்கொண்டது.

மார்ச் மாதம் வில்ஃப்ரெட் என்ற பையனுக்கு அந்தச் சாலையில் தொடையில் குண்டு பாய்ந்தது. அன்று கோபஸுக்குக் காய்ச்சல். அவனுக்குப் பதிலாகப் போனவன். ஜேபஸ் நேரே ஹோல்ராய்டிடம் போனார்.

"சார், பள்ளத்துக்கு நடுவுல ஒரு ஒத்தையடிப் பாதை விட்டிருக்குன்னு சொல்லிடலாம். வெடி இல்லாத பாதை. பசங்க அதுல போகட்டும்."

"எதிரியும் அதுலயே வருவான் மிஸ்டர் பாஸ்கோ."

"ஒத்தையடிப் பாதைல எத்தனை பேர் சார் வரமுடியும்?"

"இவ்வளவு நாள் இல்லாத பாதை திடீர்னு எப்படி வந்துச்சுன்னு கேப்பான். சந்தேகம் ஒண்ணு போதும், பதினோரு பெட்டியும் மணலாயிடும்."

"அது மணல்தான் சார்."

"அதைத்தான் சொல்ல வேண்டாங்கிறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜேபஸ் பையனை மோலோப்போ ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனார். சத்தியத்தை மீறுவது என்று முடிவு செய்திருந்தார். நரகத்துக்குப் போகும் வழியில் ஒரு சைக்கிளையாவது காப்பாற்றிவிடலாம். ஆனால் ஆரம்பிக்க வரவில்லை. சபையில் அரைமணி நேரம் பிரசங்கம் செய்யும் மனிதர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருமினார்.

"கோபஸ், அந்தப் பள்ளத்துல இருக்கிற பெட்டி..."

"மணல்தானே?" என்றான் பையன், ஒரு தட்டைக் கல்லைத் தண்ணீர்மேல் எறிந்துகொண்டே.

"யாருடா சொன்னது?"

"யாரும் சொல்லல. எதைப் பாத்தாலும் உத்துப் பாருங்கடான்னு படையில சொல்லிக் குடுக்கிறாங்க. பாத்தேன். நீங்க பட்டறைல பெட்டிக்கு மூடி அடிச்சப்போ வாயில பைப் புகைஞ்சுக்கிட்டிருந்துச்சு. உள்ள டைனமைட் இருந்தா பைப்போட உக்காருவீங்களா? நீங்க வெந்நீர் அடுப்புக்குக் கிட்டயே பயந்து பயந்து போற ஆளு."

"எப்போ பாத்தே?"

"நவம்பர்ல."

ஜேபஸ் விரலை மடக்கி மாதங்களை எண்ணப் போய் நிறுத்திக்கொண்டார். "தெரிஞ்சுமா நாலு மாசமா அந்த மொட்டை வெளியில போனே?"

பையன் கல்லெறிவதை நிறுத்தினான். "நீங்களும் தெரிஞ்சுதானேப்பா அனுப்பினீங்க."

குரலில் கோபம் இல்லை; படையில் ஒருவன் இன்னொருவனிடம் சொல்லும் தொனி. அதுதான் ஜேபஸை அடித்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

"இனிமே பள்ளத்துல போ" என்றார். "நான் சொல்றேன். போ."

"போனா அவங்களுக்குத் தெரிஞ்சுடும். நான் போகமாட்டேன்."

இத்தனை நாளும் பிள்ளையைக் கட்டி வைத்திருப்பது தன் சத்தியம் என்று நினைத்திருந்தார் ஜேபஸ். அவிழ்த்துவிட வந்தால், முடிச்சின் மறுமுனையைப் பிள்ளையே பிடித்துக்கொண்டிருக்கிறான். இனிச் சொல்வதற்கு ஒரு ரகசியம்கூட மிச்சமில்லை.

அந்த வாரம் முழுதும் அவர் யோசித்தார். தச்சர்கள் யோசிக்கும்போது கை சும்மா இருக்காது. இரண்டு பேர் தூக்கும்படி நீளக் கைப்பிடி வைத்த ஒரு பலகை செய்தார். அதன்மேல் தன் படுக்கையின் பஞ்சு மெத்தையைக் கட்டினார். சிவப்புத் துணியில் ஒரு கொடி தைத்தார். ஐம்பது வயது வரை பொய் சொல்லாமல் இருந்தவர், தொடங்கும்போது சில்லறையாகத் தொடங்கவில்லை.

மார்ச் 25, ஞாயிறு. காலை ஆராதனை முடிந்து ஊரே வெயில் காய வெளியே வந்திருந்தது. எதிரே போயர்களும் பதுங்குகுழியின் மேட்டில் ஏறி உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். பண்ணைகளிலிருந்து அவர்களுடைய பெண்கள் வண்டி கட்டி வந்திருந்தார்கள். எல்லோர் கண்ணுக்கும் முன்னால் ஜேபஸும் தீரோவும் சிவப்புக் கொடியை நட்டுவிட்டுப் பள்ளத்துக்குள் இறங்கினார்கள்.

"மேஸ்திரி, இதுக்கு அந்த லெப்டினன்ட் சம்மதிச்சாரா?" என்றார் தீரோ.

"இல்ல."

"அப்போ எனக்கு என்ன ஆகும்?"

"நான் கூப்பிட்டேன், நீ வந்தே. மிச்சம் என் தலைல. உன் ஊருக்கு ஆபத்து வராது. வெடி இருக்குன்னு இன்னைக்கு நம்பற மாதிரி அவங்க என்னைக்கும் நம்பினதில்ல, பாரு."

தீரோ எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தார். மேட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் காப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். "சரி. வயித்தால தவழுங்க. நின்னுக்கிட்டு தோண்டினா எவன் நம்புவான்?"

இரண்டு பேரும் வயிற்றால் தவழ்ந்தார்கள். கரண்டியால் மண்ணைப் பறித்தார்கள், ஒரு கரண்டிக்கு ஒரு பெருமூச்சு. தீரோ நடுநடுவே காதை மண்ணில் வைத்துக் கேட்டார். எதைக் கேட்டார் என்று கடவுளுக்குத்தான் தெரியும், ஆனால் பார்க்க அருமையாக இருந்தது. முதல் பெட்டியை மெத்தையில் ஏற்ற அரைமணி நேரம் ஆயிற்று. பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு பேரும் அடி அடியாக நடந்து வெளியே வந்தார்கள். ஊர் ஜனம் பின்வாங்கியது.

அப்போதுதான் ஹோல்ராய்ட் ஓடிவந்தார். தொப்பி இல்லை, முகம் சுண்ணாம்பு. "பாஸ்கோ! நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே பள்ளத்தின் விளிம்புவரை வந்தவர் சட்டென்று நின்றார். எதிரே நாற்பது தொலைநோக்கி. பின்னால் முந்நூறு ஊர்க்காரர்கள். மணல் பெட்டிமேல் பாய்ந்து ஒரு தச்சரைக் கழுத்தைப் பிடித்து இழுத்துப் போனால் அது மணல் என்று அவரே சாட்சி சொன்னதாகும். பிறகு வேறு வழியில்லாமல், அரசாங்கத்தின் கௌரவத்துக்காக, புழுதியில் குப்புற விழுந்து இரு கையாலும் தலையை மூடிக்கொண்டார்.

இரண்டாவது பெட்டி வெளியே வரும்வரை, ஒன்றரை மணி நேரம், அப்படியே கிடந்தார். பெட்டிகள் இருந்த இடத்தில் மூன்றடி அகலத்துக்கு இருபுறமும் வெள்ளைக் கயிறு கட்டிவிட்டு ஜேபஸ் அவரிடம் வந்து, "பாதை தயார் சார்" என்றார்.

ஹோல்ராய்ட் தரையிலிருந்தபடியே சொன்னார்: "நீங்க கைதாகியிருக்கீங்க மிஸ்டர் பாஸ்கோ."

ராணுவச் சொத்தில் கைவைத்த குற்றம். முற்றுகை முடியும்வரை சிறை. பாதையை மூடிவிடத்தான் ஹோல்ராய்ட் துடித்தார். ஆனால் திங்கட்கிழமை விடிந்தபோது போயர்கள் பள்ளத்துக்கு எதிரேயிருந்த தங்கள் காவலை நூறு கஜம் பின்னால் இழுத்திருந்தார்கள். கொஞ்சநஞ்ச சந்தேகமும் போய்விட்டது. மேலிடத்தில் யாரோ, "பாதை அப்படியே இருக்கட்டும், சூளைப் பக்கம் ஒரு இயந்திரத் துப்பாக்கியை நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டார்கள். பாதை நல்ல யோசனை என்று ஏற்கப்பட்டது. யோசனை சொன்னவர் உள்ளே இருந்தார். சிறைக்கும் ஊருக்கும் அப்போது பெரிய வித்தியாசம் இல்லை. உள்ளே கூரை கொஞ்சம் கெட்டி.

அடுத்த ஞாயிறு ஹெஸ்டர் வந்தாள். முகாமிலிருந்து வெளியே வர அன்றுதான் அனுமதி. ஓட்ஸ் உமி ரொட்டியைக் கம்பிக்கு இடையே தள்ளினாள். ஜேபஸ் ரொட்டியைப் பார்க்கவில்லை.

"பையன் எந்த வழியா போறான்?"

"எந்த வழியா? நீங்க வெட்டி வச்ச வழியாத்தான்!"

ஜேபஸ் கண்ணை மூடிக்கொண்டார். ஐந்து மாதத்தில் முதல்தடவையாக நெஞ்சு முழுதும் காற்று போயிற்று. அது அவர் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"சிரிக்கிறீங்களா?" என்றாள் ஹெஸ்டர். "முகாம் ஓரத்துல நின்னு பாத்தேன். கயிறுகிட்ட வந்ததும் சைக்கிள்ல இருந்து இறங்கிடறான். தள்ளிக்கிட்டே ஒவ்வொரு அடியா பாத்துப் பாத்து வைக்கிறான். நடுவுல ஒரு தடவை கால் இடறிச்சு. அங்கேயே நின்னுட்டான், ஒரு காலைத் தூக்கிக்கிட்டு. எனக்கு உசிரு போய் வந்துச்சு. ரெண்டு பக்கமும் ஒன்பது பெட்டி வெடிமருந்து! அதுக்கு நடுவுல மூணடி!"

கால் இடறியது நடிப்பு என்று ஜேபஸுக்குத் தெரியும். பையன் அப்பனைவிட நன்றாகவே நடிக்கிறான். "கவனமா போவான்" என்றார்.

"கவனமாவா? சாலையில போனா எங்க அண்ணனுங்க குண்டு தப்பினாலும் தப்பும். இது உங்க வேலை, தப்புமா? நீங்க செஞ்ச எதுவாவது இதுவரைக்கும் பழுதாயிருக்கா?" கம்பியைப் பிடித்து உலுக்கினாள். "இந்தச் சண்டையில என்னைச் சந்தேகப்படாத ஒரே ஆளு நீதான்னு நினைச்சேன். நீ என் புள்ளையைக் கொண்டுபோய் வெடிக்கு நடுவுல விட்டிருக்கே. நீயெல்லாம் ஒரு அப்பனா?"

ஐந்து எழுத்து. ம-ண-ல்-தா-ன் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. காவலாளி இரண்டடி தள்ளி நின்று ரொட்டியை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டார். அவளுக்கு மூன்று அண்ணன்.

"ரொட்டி நல்லா இருக்கு" என்றார்.

அவள் போய்விட்டாள். அதற்குப்பின் ஒவ்வொரு ஞாயிறும் ரொட்டி வந்தது, பேச்சு வரவில்லை. வாரத்துக்கு ஆறு நாள், காலையும் மாலையும், முகாமின் ஓரத்தில் நின்று பையன் அந்த மூன்றடியைக் கடக்கும்வரை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள் என்று சிறைக்குப் பார்க்க வந்த கோபஸ் சொன்னான்.

"அம்மாகிட்ட சொல்லட்டுமா?" என்று கேட்டான்.

"என்ன சொல்லுவே?" என்றார் ஜேபஸ்.

பையன் யோசித்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, போனான்.

ஏப்ரலில் ஹோல்ராய்ட் விஷக் காய்ச்சலில் இறந்தார். சவப்பெட்டியைச் சிறை முற்றத்தில் வைத்து ஜேபஸ்தான் செய்தார், சொன்ன நேரத்துக்கு. அழவும் செய்தார். ஆனால் சத்தியத்திலிருந்து அவரை விடுவிக்க இருந்த ஒரே மனிதர் அந்தப் பெட்டிக்குள் போய்விட்டார் என்பது மூடியை அடித்த பிறகுதான் உறைத்தது.

மே 17 அன்று வெளியிலிருந்து படை வந்து முற்றுகை உடைந்தது. சந்தைத் திடலில் ஜனம் கட்டிப்பிடித்து ஆடியது. லண்டனில் அதைவிட அதிகமாக ஆடினார்களாம். சிறைக் கதவைத் திறந்தார்கள். ஜேபஸ் வெளியே வந்தார், வீட்டுக்குப் போனார், மனைவி வைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டார். அவள் பேசவில்லை. அவரும் சொல்லவில்லை. யாரும் அவரை விடுவிக்கவில்லையே. எதிரிகள் போய்விட்டார்கள், தண்டவாளம் திரும்ப வந்தது, ரயில் ஓடியது. ஜேபஸ் மட்டும் முற்றுகைக்குள்ளேயே இருந்தார்.

ஜூன் கடைசியில் அந்த ரயிலில் வந்த செய்தித்தாளில் எல்லாம் அச்சாகியிருந்தது. இல்லாத கம்பி, மணல் வெடி, எதிரியை ஏய்த்த கெட்டிக்காரத்தனம். ரொட்டிக் கடைக்காரரின் மனைவி கடையில் சத்தமாக வாசித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். ஹெஸ்டர் கையிலிருந்த ரொட்டியைத் திரும்ப வைத்துவிட்டு வெளியே போனதாகச் சொன்னார்கள்.

கோபஸ் மூச்சிரைக்க பட்டறைக்கு ஓடிவந்தான். "அப்பா, அம்மா மண்வெட்டியை எடுத்துக்கிட்டு பள்ளத்துக்குப் போறாங்க."

ஜேபஸ் போய்ச் சேர்ந்தபோது அவள் ஒரு பெட்டியை வெளியே எடுத்து, மண்வெட்டி நுனியால் மூடியை நெம்பிக்கொண்டிருந்தாள். ஆணிகள் ஒவ்வொன்றாகக் கத்தின. மூடி திறந்தது. அவள் உள்ளே கையை விட்டாள், முழங்கைவரை. எடுத்துப் பார்த்தாள். விரலிடுக்கில் சிவப்பாக ஒழுகியது.

"இந்த மணலுக்கா இத்தனை ஆணி?" என்றாள்.

"திறந்துடக் கூடாதில்ல."

"அவனுக்குத் தெரியுமா?"

"நவம்பர்லயே."

"அப்போ ரெண்டு பேருமா சேர்ந்து..." கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"சத்தியம் பண்ணியிருந்தேன் ஹெஸ்டர். இது எல்லாத்துலயும் மணல்தான். வேற ஒண்ணும் இல்ல."

பொய் சொல்லத் தெரியாத மனிதரை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எட்டடி தள்ளி அடுத்த குழி இருந்த இடத்துக்குப் போய்த் தோண்ட ஆரம்பித்தாள்.

"என்ன பண்றே? இன்னும் எட்டு இருக்கு."

"எட்டையும் பாத்துட்டு வர்றேன்" என்றாள், நிமிராமல்.

தரை காய்ந்து கல்லாக இருந்தது. ஜேபஸ் மண்வெட்டிக்குக் கை நீட்டினார். அவள் தரவில்லை.